சம்பந்தியம்மா காட்டிய கோயமுத்தூர்

பிப்ரவரி 2, ஞாயிறு

உரக்கடையில் கொடுத்த டைரி ஒரு மாதமாகச் சும்மா கிடக்கிறது. இவர் எழுதுவார் என்று பார்த்தேன். இவருக்கு வாழைத் தோட்டத்தை விட்டால் டிவி. சரி, நானே எழுதுகிறேன். பக்கத்து வீட்டில் சொன்னால் சத்தியமங்கலம் முழுக்கப் போய்விடும்.

இன்று காலை சிந்துஜா படம் அனுப்பினாள். கோயமுத்தூரில் ஏதோ ஒரு கடை மொட்டைமாடியில் அறை உயரத்துக்கு சிமெண்டில் கிரைண்டர் கட்டி வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே ரோட்டில் என் மகளும் அவள் மாமியார் இந்திராணியும் கையில் குல்பி ஐஸோடு நிற்கிறார்கள். இருவர் முகத்திலும் அப்படி ஒரு சிரிப்பு. கீழே ‘அத்தையும் நானும்’ என்று எழுதியிருக்கிறாள்.

சிந்து பல் தெரியச் சிரித்த படம் எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. பல் கொஞ்சம் எடுப்பு என்று நான்தான் சின்ன வயதிலிருந்து உதட்டை மூடிச் சிரிக்கப் பழக்கினேன். கல்யாண ஆல்பத்தில் எவ்வளவு லட்சணமாக நிற்பாள்! இப்போது பல்லெல்லாம் தெரிகிறது. மாமியார்க்காரி எடுத்துச் சொல்லவில்லை போலிருக்கிறது.

எட்டாவது மாதம் வயிற்றைத் தள்ளிக்கொண்டு குல்பி எதற்கு? சளி பிடிக்கும் என்று பதில் போட்டேன். ‘சரிம்மா’ என்று மட்டும் வந்தது.

பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்கள் எல்லாரும் சம்பந்தியைப் பற்றிக் குறை சொல்லி மூக்கைச் சிந்துகிறார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை.

பிப்ரவரி 5, புதன்

சிந்துவின் அறைக்குப் பெயிண்ட் அடித்து முடிந்தது. வெளிர் பச்சை. புது மெத்தை வந்துவிட்டது. பாத்ரூமில் உட்காரும் மாதிரி கோப்பை வைத்தாயிற்று. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான், அதில் பேச்சே இல்லை.

போனில் சொன்னேன். “பாக்கலாம்மா, இங்க டாக்டரம்மா பழகிட்டாங்க” என்றாள். பார்க்கலாமா? எதைப் பார்ப்பது? இத்தனை வருடம் வளர்த்தவள் பழகவில்லை, டாக்டரம்மா பழகிவிட்டாராம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஜோசியரிடம் நாள் குறித்துவிட்டேன். மார்ச் 9 கட்டுச்சோறு. நாங்கள் இங்கிருந்து சோறு வகைகள் கட்டிக்கொண்டு போய், அவர்கள் வீட்டில் வைத்து வளையல் போட்டுவிட்டு, பெண்ணைக் கையோடு கூட்டிவந்துவிடுவோம். நாத்தனார், பெரியப்பா வீடு, சித்தி வீடு என்று எல்லாருக்கும் சொல்லியாயிற்று. கடைசியாகச் சிந்துவுக்குச் சொன்னேன். முதலில் சொன்னால் மறுபடி பார்க்கலாம் என்பாள்.

சாயங்காலம் சம்பந்தியம்மாவே கூப்பிட்டாள். (நேரில் அவங்க இவங்க என்றுதான் பேசுவேன். டைரியில் என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது.) “நாளு குறிச்சது ரொம்ப சந்தோசமுங் சம்மந்தி. அதுக்கு முன்னால ஒரு நா வாங்க. நானும் சிந்துவும் ஊருக்குள்ள என்னென்ன வேடிக்கையெல்லாம் கண்டுபுடிச்சு வெச்சிருக்கறம்னு உங்களுக்குக் காட்றனுங்” என்றாள்.

வருகிற ஞாயிறு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வேடிக்கை பார்க்க அல்ல. என்ன சொக்குப்பொடி போட்டிருக்கிறாள் என்று பார்க்க.

பிப்ரவரி 15, சனி

கச்சாயம் சுட்டேன். சிந்துவுக்கு உயிர். மாமியாருக்குச் சுடத் தெரியாதாம். டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்தவளுக்கு வெல்லப்பாகு எங்கே தெரியப்போகிறது. நெய் கொஞ்சம் எச்சாகவே விட்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

நேற்று போய்விட்டு வந்தாயிற்று. காலையிலிருந்து ஒரு வேலை ஓடவில்லை. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மாப்பிள்ளை நவநீதன் ஞாயிறும் பம்ப்செட் பட்டறைக்குப் போய்விட்டார். இந்திராணியே கார் ஓட்டினாள். சுடிதார், வெட்டிய முடி, கறுப்புக் கண்ணாடி. என்னை முன்னால் உட்காரச் சொன்னாள். சிந்து பின்னால் ஏறினாள். ஏறும்போதே, “அத்தை, முதல்ல கிரைண்டருங்களா, பஸ் ஊடுங்களா?” என்று கேட்டாள். எந்த ஊருக்கு, எந்தக் கோயிலுக்குக் கூப்பிட்டாலும் ‘வரலைம்மா, தலைவலி’ என்று படுத்துக்கொள்கிற பெண் இவள்.

முதலில் கிரைண்டர். படத்தில் பார்த்ததுதான். கடையை மூடிப் பல வருடம் ஆகிறதாம். கிரைண்டருக்குள்ளே நாய் குட்டி போட்டிருந்தது. ஒரு குட்டி விளிம்பில் தலையை நீட்டி எங்களைப் பார்த்துக் குரைத்தது. சிந்து கைகொட்டினாள். “எங்க ஊட்லயும்தான் கிரைண்டர் இருக்குது” என்றேன். இருவரும் குட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தமாஷுக்குத்தான் சொன்னேன்.

அடுத்து பஸ் வீடு. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டின் முன்பக்கத்தையே பஸ் முகம் போலக் கட்டியிருக்கிறார். விளக்கு, வைப்பர், எலுமிச்சம்பழம் எல்லாம் உண்டு. வாசலறையில் நிஜமான ஓட்டுநர் இருக்கை, ஸ்டியரிங். இந்திராணியைப் பார்த்ததும் பெரியவர் வெளியே வந்து, “வாங் மேடம், சிந்து கண்ணு, வண்டி உனக்காகத்தான் நிக்குது” என்றார். அந்த ஊரில் என் பெண்ணுக்கு எத்தனை சொந்தம் பாருங்கள். சிந்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து ஹாரனை அமுக்கினாள். “காந்திபுரம், காந்திபுரம்!” என்று கத்தினாள். இந்திராணி பின்னால் நின்று, “டிக்கெட் வாங்காதவங்க எறங்குங்க” என்றாள். தெருவே கேட்டிருக்கும்.

“வவுத்துப் புள்ளக்காரி, மெதுவாப் பேசு சிந்து. ஆராச்சும் பாத்தா என்ன நெனப்பாங்க?” என்றேன்.

உடனே உதட்டை மூடிக்கொண்டாள். இறங்கி வந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். சொன்ன பேச்சைக் கேட்டாள், எனக்குத் திருப்தியாக இருந்திருக்க வேண்டும். ஏனோ இல்லை.

மூன்றாவது, ஒரு வளைவில் நிற்கும் போலீஸ்காரர். துணிக்கடைப் பொம்மைக்குக் காக்கி உடுப்பு மாட்டி அந்தத் தெருக்காரர்களே நிறுத்தியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்க்கும் வண்டியெல்லாம் வேகத்தைக் குறைக்கிறது. வெயிலுக்கு யாரோ குடை கட்டிவிட்டிருந்தார்கள். சிந்து காரை நிறுத்தச் சொல்லி, சாய்ந்திருந்த தொப்பியை நேராக வைத்துவிட்டு வந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. “எங்க பக்கம் திம்பம் ரோட்ல நெசமான யானையே வந்து கரும்பு லாரிய மறிச்சு நிக்குது. லாரிக்காரங்க ரெண்டு கட்டுக் கரும்ப எடுத்துப் போட்டாத்தான் வழி விடும்” என்றேன்.

இந்திராணி காரை ஓரம் கட்டியேவிட்டாள். “நெசமாங்களா சம்மந்தி? சிந்து, நீ எங்கிட்ட சொல்லவே இல்லியே!”

“நான் பாத்ததே இல்லீங்க அத்தை” என்றாள் சிந்து. “அம்மா அங்கெல்லாம் கூட்டிட்டுப் போனதில்ல.”

படிக்கிற பிள்ளையை யானை பார்க்கக் கூட்டிக்கொண்டு திரிவார்களா? பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே முதல். அது தானாக வந்ததா?

கடைசியாகப் பீடம். நாலு ரோடு கூடுகிற இடத்தில் கறுப்புக் கல்லில் பெரிய பீடம், சுற்றிலும் கம்பி வேலி, ஏறி மாலை போடப் படிக்கட்டு, எல்லாம் இருக்கிறது. சிலைதான் இல்லை. யார் சிலை வைப்பது என்று சண்டை வந்து அப்படியே நின்றுவிட்டதாம். எதிரே ஒரு ஆஸ்பத்திரி. பீடத்தை ஒட்டி ஒரு பூக்கடை. பூக்காரம்மாள் தினமும் ஒரு சரத்தை வெறும் பீடத்தின் மேல் போட்டுவிட்டுத்தான் வியாபாரத்தைத் தொடங்குவாளாம்.

சிந்துவுக்குப் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. இந்திராணி அவளை ஆஸ்பத்திரிக்குள் கூட்டிப் போனாள். நானும் வருகிறேன் என்றதற்கு, “நீ இரும்மா, அத்தைக்கு எடம் தெரியும்” என்றாள் என் மகள். நான் பூக்கடை நிழலில் நின்றேன்.

பூக்காரம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அவிங்களுக்கு ஒறம்பரைங்களா?”

ஆமாம் என்றேன். உறவினர்தானே.

“இந்தத் தடவையாவது அந்தப் புள்ளைக்கு நல்லபடியா பொறக்கோணுமுங்க” என்றாள்.

எந்தத் தடவை என்று நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள். “போன வருசம் பங்குனில, மூணு மாசத்துல கலைஞ்சு போச்சில்லீங். இந்த ஆஸ்பத்திரில இருந்து வெளிய வந்த புள்ள இந்தப் படில உக்காந்துட்டு எந்திரிக்கவே மாட்டேன்னுருச்சு. பேச்சு இல்ல, அழுகை இல்ல. அந்தம்மாவும் வெய்யல்ல பக்கத்துலயே உக்காந்துட்டாங்க. ரொம்ப நேரங் கழிச்சு, ‘சிந்து, இந்தப் பீடத்து மேல ஆர நிக்க வெக்கலாம், சொல்லு பாக்கலாம்’னு கேட்டாங்க. அந்தப் புள்ள மேல பாத்துட்டே இருந்துச்சு. ‘எங்க ஸ்கூல் வாட்ச்மேன் தாத்தாங்க அத்தை’னு சொல்லிச் சிரிச்சுதுங்க. சிரிச்சுட்டே அழுதுச்சு பாருங்க, நானே அழுதுட்டேன். அதுக்கப்பொறம் வாரா வாரம் ரெண்டு பேரும் இப்படி எதாச்சும் தேடிட்டுத் திரியறாங்க.”

பிறகு குரலைத் தாழ்த்தினாள். “தன்னோட அம்மாகிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு மாமியாகிட்ட சத்தியம் வாங்கிருச்சுங்க. பெத்தவகிட்ட சொல்லாம ஒரு புள்ள இருக்குமுங்களா? என்ன அம்மாவோ.”

நான் மல்லிகை ஒரு முழம் வாங்கினேன். எங்கள் ஊரிலிருந்து போகிற பூதான். அங்கே போய் அதையே வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சிந்து படுக்கப் போனாள். இந்திராணி காபி போட்டுக்கொண்டிருந்தாள். நான் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன், “ஏனுங்க, எங்கிட்ட ஏன் சொல்லலீங்க?”

யார் சொன்னது, எதைப் பற்றி என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. அடுப்பை அணைத்தாள். “சொல்லு சொல்லுன்னு எத்தனையோ தடவ சொன்னனுங் சம்மந்தி. ‘எங்கம்மா அப்பவும், நீ என்ன பண்ணித் தொலைச்சேன்னுதான் கேப்பாங்க’ன்னு சொல்லிட்டாளுங்.” பிறகு, “அவளா வாயத் தொறக்கற வரைக்கும் நீங்க கேட்டுராதீங்க. உங்களக் கும்பிட்டுக் கேட்டுக்கறனுங்” என்றாள்.

என் பெண்ணிடம் நான் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று இவள் எனக்குச் சொல்கிறாள். காபியைக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டேன். கச்சாயம் டப்பா அங்கேயே இருக்கிறது.

பிப்ரவரி 18, செவ்வாய்

போன பங்குனியில் பண்ணாரி குண்டம் திருவிழாவுக்குச் சிந்து வந்திருந்தாள். வந்தவள் படுத்தே கிடந்தாள். சோறு இறங்கவில்லை. “டவுனுக்குப் போய் நல்லாச் சோம்பேறி ஆயிட்டயா?” என்று கேட்டேன். விளையாட்டாகத்தான். வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள் என்றுதான் ஞாபகம்.

அதற்கப்புறம் ஞாயிறுதோறும் போனில், “ஏதாச்சும் விசேசமா?” என்று கேட்பேன். கேட்டது தப்பா? எல்லா அம்மாவும் கேட்பதுதான். கேட்காவிட்டால்தான் அக்கறை இல்லை என்பார்கள்.

நான் ‘என்ன பண்ணித் தொலைச்சே’ என்று கேட்டிருப்பேனா? கேட்டிருக்க மாட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

வடகம் காய்ந்துவிட்டது. எழுத வேறு ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

சிந்துவுக்குப் போன் செய்தேன். அந்த விஷயம் வாய் வரை வந்து வந்து போயிற்று. விழுங்கிக்கொண்டேன். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, கால் வீங்கியிருக்கிறதா என்று கேட்டு முடித்ததும் எனக்குக் கேட்க எதுவும் இல்லாமல் போயிற்று. வளர்த்தவளுக்கு மகளிடம் பேச இவ்வளவுதானா இருக்கிறது?

இந்திராணியாக இருந்தால் என்ன கேட்பாள் என்று யோசித்தேன். யோசிக்கவே கசப்பாக இருந்தது. இருந்தாலும், “இன்னைக்கு ரோட்ல என்ன பாத்தீங்க?” என்றேன்.

போன் கட்டாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு, “ஒரு சலூன்மா. ஒரே ஒரு நாற்காலி, அதும் பல் டாக்டர் நாற்காலி” என்றாள். சலூன்காரர் மெல்ல அதைச் சாய்க்கும்போது, வந்தவர்கள் தம்மையறியாமல் வாயைத் திறந்துவிடுகிறார்களாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததைக் கேட்டு அவளும் சிரித்தாள்.

சிரித்து முடித்ததும், “இரும்மா, இத அத்தைகிட்ட சொல்லோணும், நீ சிரிச்சேன்னு” என்று வைத்துவிட்டாள். அங்கேயும் அத்தை.

மார்ச் 8, சனி

எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர், கற்கண்டு சாதம் எல்லாவற்றுக்கும் சாமான் தயார். சொந்தக்காரர்களுக்கு வேன் சொல்லியாயிற்று, சிந்துவைக் கூட்டிவர எங்கள் கார். வளையல் சிவப்பும் பச்சையும் வாங்கியிருக்கிறேன். அறையைப் பெருக்கித் துடைத்து, மெத்தைக்குப் புது விரிப்பு விரித்தேன். கூட்டிவந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். இந்திராணிக்கும் தெரியட்டும், வீடு வெறிச்சென்று இருந்தால் எப்படி இருக்கும் என்று.

மார்ச் 10, திங்கள்

கட்டுச்சோறு நன்றாக நடந்தது. எல்லாரும் வளையல் போட்டார்கள். சிந்து அரக்குப் பட்டில் அம்மனாட்டம் உட்கார்ந்திருந்தாள். சாப்பாடு முடிந்ததும் கிளம்ப வேண்டும். எங்கள் வழக்கத்தில் பெண் மாமியாரிடம் சொல்லிக்கொள்ளாமல்தான் தாய் வீட்டுக்குக் கிளம்புவாள். அதனால் இந்திராணி சமையலறைக்குள் போய்விட்டாள்.

சிந்துவின் பை வாசலில் தயாராக இருந்தது. அடம் பிடிப்பாள், அழுவாள், நாலு வார்த்தை சொல்லி இழுத்துக்கொண்டு வர வேண்டியிருக்கும் என்று நினைத்து வந்திருந்தேன். அவளோ செருப்பைப் போட்டாள். பையைத் தூக்கப் போனாள். அப்போது என்னை ஒரு முறை பார்த்தாள். ஸ்கூல் நாளில் என்னிடம் மார்க் ஷீட்டை நீட்டும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை.

அதற்குமேல் நான் யோசித்துப் பேசியதாகத் தெரியவில்லை.

“சிந்து, பைய உள்ள வெய்யி” என்றேன். “காலைல ஜோசியர் போன் பண்ணுனாரு. கெரகம் சரியில்லையாம். பிரசவம் முடியற வரைக்கும் ஆறு தாண்டக் கூடாதாம்.”

எங்கள் வீடு பவானி ஆற்றைத் தாண்டித்தான். கூடத்தில் ஒரே கசமுசா. “ஏனுங்க அண்ணி, கட்டுன பாலத்து மேல போறதுக்கென்ன?” என்றாள் நாத்தனார்.

“பாலத்துக்கு அடியில ஓடறது ஆறுதான? காப்பிக் கடையா?” என்றேன். இவர் கார் சாவியோடு அப்படியே நின்றார்.

சிந்து பையை வைத்துவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் கேட்டு இந்திராணி வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. நேராக என்னிடம் வந்து கையைப் பிடிக்கப் பார்த்தாள். நான் பந்தி இலையை எடுக்கிற சாக்கில் நகர்ந்துகொண்டேன். அவ்வளவு தூரம் எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

திரும்பும் வழியில் இவர் கேட்டார், “ஜோசியர் எப்ப போன் பண்ணுனாரு?” ரோட்டைப் பார்த்து ஓட்டுங்கள் என்றேன்.

மார்ச் 13, வியாழன்

பச்சை அறையில் வெங்காயம் காயப் போட்டிருக்கிறேன். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள். தலைப்பிரசவத்தை மாமியார் தலையில் கட்டிவிட்டேனாம். பேசட்டும்.

மார்ச் 20, வியாழன்

மத்தியானம் மாவாட்டிக்கொண்டிருந்தபோது சிந்து கூப்பிட்டாள். வியாழக்கிழமை அவள் கூப்பிடுகிற நாள் இல்லை. பதறிப்போய் ஈரக் கையோடு எடுத்தேன்.

“அம்மா, ஒண்ணு சொல்லோணும். திட்டாம கேப்பயா?” என்றாள்.

சொல்லு கண்ணு என்றேன்.

சொன்னாள். நாளையோடு ஒரு வருடம் ஆகிறதாம். முதலில் வயிறு வலித்தது, அப்புறம் ஆஸ்பத்திரி, ஸ்கேன், டாக்டரம்மா சொன்னது எல்லாவற்றையும் சொன்னாள். பீடத்துப் படியில் உட்கார்ந்ததைச் சொன்னாள். குண்டம் திருவிழாவுக்கு வந்து படுத்துக் கிடந்ததைச் சொன்னாள். எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நான் காட்டிக்கொள்ளவில்லை. இப்போதுதான் கேட்பதுபோல முழுவதும் கேட்டேன். உண்மையில் இப்போதுதான் கேட்டேன். பூக்காரம்மாள் சொன்னபோது என்னை எண்ணித்தான் எரிந்தேன், இவளுக்கு வலித்திருக்கும் என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை.

சொல்லி முடித்துவிட்டு அவள் காத்திருந்தாள். எந்தக் கேள்வி வரும் என்று காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். “ரொம்ப வலிச்சுதா சாமி?” என்று கேட்டேன்.

அப்படி ஓர் அழுகை. கிரைண்டர் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நிறுத்திவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தேன்.

அழுது ஓய்ந்ததும் சொன்னாள், அந்தக் குழந்தைக்கு மனதுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தாளாம். என்ன பெயர் என்று கேட்டேன். சொன்னாள். “இது அவருக்குக்கூடத் தெரியாதும்மா. அத்தைக்கும் தெரியாது.”

உள்ளதை எழுதுகிறேன். அதைக் கேட்டதும் முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்திராணிக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்று. அதற்கப்புறம்தான் அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பிறகு வெகுநேரம் என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

அந்தப் பெயரை இந்த டைரியில் எழுத மாட்டேன்.